காது கேட்காத சாமியாரின் வரிசை

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்த மாதா கோவிலுக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனக் கூண்டு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கத்தில் சின்னச் சாமியார். படித்தவர், பொறுமைசாலி, இதமான குரல். அவருக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அதிகம். வலப்பக்கத்தில் பெரிய சாமியார். அங்கே வரிசை இரண்டு தூண்களைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை நீளும். பெரியவரிடம் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டால் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். விசேஷம் இதுதான்: அவருக்குக் காது கேட்காது.

நாலைந்து வருஷமாகவே அப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். கொலை செய்தேன் என்றாலும் பரிகாரம் மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம், கொசுவை அடித்தேன் என்றாலும் அதே மூன்று. அதையும் தன் காதுக்கே கேட்கிற சத்தத்தில் சொல்வார் என்பதால், வரிசையில் கடைசி ஆள்வரை எல்லோருக்கும் கேட்கும். எல்லோருக்கும் ஒரே பரிகாரம் என்பதால் யாருக்கும் வெட்கமில்லை. பாவம் செய்யும்போது காட்டாத சாமர்த்தியத்தையெல்லாம் மனிதர்கள் அதைச் சொல்லப் போகும்போது காட்டுகிறார்கள். என்ன செய்வது, நாமும் அந்த வரிசையில் உட்காரக்கூடியவர்கள்தான்.

அன்றைய வரிசையில் பதினோராவது ஆளாக ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார். சோப்புத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷ வேலை. ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் இப்போது யாருமில்லை. மனைவிகூடக் கோபம் வந்தால் "என்ன ஃபோர்மேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். நல்ல மனிதர் என்று பேர். கோவில் காரியம் எதற்கும் முன்னால் நிற்பார். அவர் மாதம் தவறாமல் பெரிய சாமியாரின் கூண்டுக்கு வருவதைப் பார்த்து, இவருக்கு அப்படி என்ன பாவம் இருந்துவிடப் போகிறது என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

இருந்தது. ஒன்பது வருஷத்துப் பாவம்.

அந்தத் தொழிற்சாலையில் ஆள் உயரத்துக்கும் மேலான கலவைத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே சுழலுகிற நான்கு இரும்புத் தகடுகள். வாரத்துக்கு ஒருமுறை ஆள் உள்ளே இறங்கி, அடியில் ஒட்டிக் கெட்டியான சோப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். இறங்குவதற்கு முன் அந்தத் தொட்டியின் சுவிட்சை அணைத்து, கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு நிறப் பூட்டு. ஒருவன் பூட்டை இன்னொருவன் தொடக்கூடாது. பூட்டை எடுக்க மறந்து ஆள் வெளியே போய்விட்டான் என்றால் உடைக்கலாம். ஆனால் அதற்கு முன் அவனைத் தேட வேண்டும், தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும், பக்கத்தில் ஒரு சாட்சியை வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியவரே ஃபோர்மேன்தான்.

மஞ்சள் பூட்டு அவருடைய மைத்துனனுடையது. மனைவியின் ஒரே தம்பி; அவரே சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்தவன். அந்த மாதம் இரண்டு முறை அவன் பூட்டை மாட்டியபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். இரண்டு முறையும் ஃபோர்மேன் விதிப்படி தேடி, எட்டிப் பார்த்து, சாட்சி வைத்து, திட்டிக்கொண்டே உடைத்தார். மூன்றாவது முறை திட்டுவது மட்டும் நடந்தது. எட்டிப் பார்ப்பது நடக்கவில்லை. எண்ணெய் சூடேறிக் காத்திருந்தது, மேலேயிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. பெரிய கட்டரால் ஒரே நறுக்கு. சுவிட்சைப் போட்டார். தகடுகள் ஒன்றரைச் சுற்று சுற்றுவதற்குள் உள்ளேயிருந்து வந்த சத்தம், அவர் உயிரோடு இருக்கிறவரை அவரை விடாது.

அதுவரை நடந்தது தவறு. அதற்குப் பிறகு நடந்ததுதான் பாவம். எல்லோரும் தொட்டியை நோக்கி ஓடியபோது உடைந்த பூட்டு ஃபோர்மேனின் கால்சட்டைப் பைக்குள் போயிற்று. அன்று மாலையே ஸ்டோரிலிருந்து ஒரு புது மஞ்சள் பூட்டை எடுத்து மைத்துனனின் அலமாரிக்குள் வைத்தார். விசாரணையில், "சுவிட்சில் பூட்டு இருந்ததா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றார். அலமாரியைத் திறந்து பார்த்தார்கள், பூட்டு இருந்தது. அவன் சாவி அதற்குப் பொருந்துகிறதா என்று ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. ஃபோர்மேன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மைத்துனனின் இடக்கை முழங்கைக்கு மேலேயே போய்விட்டது. தலையிலும் அடி. நான்கு நாள் கழித்துக் கண் விழித்தபோது, அந்தக் காலைப்பொழுது மொத்தமும் அவன் நினைவிலிருந்து துடைத்தாற்போலப் போயிருந்தது. நீ பூட்ட மறந்துவிட்டாய் என்று சொன்னார்கள். சரி, மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று அவனும் ஒப்புக்கொண்டான். அவனுக்கு வாசலில் லாரிகளைக் குறித்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூட ஃபோர்மேன் எப்படியோ மென்று விழுங்கியிருப்பார். நிர்வாகத்தில் யாருக்கோ ஒரு யோசனை வந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை புதிதாகச் சேர்ந்தவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, மைத்துனனை முன்னால் நிறுத்தினார்கள். அவன் இஸ்திரி போட்ட சட்டையில், மடித்துப் பின் குத்திய இடப்பக்கச் சட்டைக்கையோடு நின்று சொல்வான்: "நான் பூட்ட மறந்தேன். யார் மேலயும் தப்பு இல்ல, என் மேலதான். என் கவனக்குறைவால என் குடும்பமே கஷ்டப்படுது. நீங்க மறந்துடாதீங்க." புதியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பது ஃபோர்மேனின் வேலை. ஒன்பது வருஷமாக, மாதத்துக்கு ஒருமுறை, நின்றார். அவன் பேசி முடித்ததும் கையும் தட்டினார்.

முதல் சில வருஷங்கள் கூண்டில் "பொய் சொன்னேன் சாமி" என்று பொதுவாக ஒரு சொல்லில் பூசி மெழுகினார். எத்தனை முறை என்று கேட்டால், "ஒரு தடவ" என்பார். பெரியவருக்குக் காது போனபிறகு தைரியம் வந்தது. சின்னச் சின்னப் பாவங்களைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, தொட்டி, பூட்டு, விசாரணை எல்லாவற்றையும் உதடு மட்டும் அசைகிற குரலில் சொல்லி முடிப்பார். பெரியவர் தலையாட்டுவார். மூன்று அருள் நிறைந்த மரியே. வெளியே வந்தால் ஒரு பாரமும் இறங்கியிருக்காது. அடுத்த மாதம் மறுபடியும் அதே வரிசை.

அன்று அவர் கண்களை மூடி முழங்காலில் இருந்ததால், முன்னால் நடந்ததைக் கவனிக்கவில்லை. முதலில் உள்ளே போன ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை கால்மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல், கைப்பையைக்கூட மறந்துவிட்டு நேராக வாசலுக்கு நடந்தாள். அடுத்துப் போன தையற்காரர் வெளியே வந்து, தன் பின்னால் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் தனக்குப் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். வரிசை மடமடவென்று கரைந்து இடப்பக்கம் சேர்ந்தது. ஃபோர்மேன் கண்ணைத் திறந்தபோது அவருக்கு முன்னால் ஒருவருமில்லை. சீக்கிரம் முடிந்துவிடும் என்று சந்தோஷப்பட்டு எழுந்து போனார்.

கூண்டுக்குள் பழைய மரத்தின் வாசனை. கம்பி வலைக்கு அப்பால் பெரியவரின் நரைத்த தலை பக்கவாட்டில் தெரிந்தது. ஃபோர்மேன் சிலுவை போட்டுக்கொண்டு வழக்கம்போல ஆரம்பித்தார். கோபப்பட்டது, பூசையில் பராக்குப் பார்த்தது, பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசியது. பிறகு குரலை இறக்கி, உதட்டளவில், "மைத்துனன் பூட்டை நானே உடைச்சிட்டு, இல்லவே இல்லன்னு சொன்னேன்..." என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். வலைக்கு அப்பால் தலை ஆடவில்லை.

"நிறுத்துப்பா," என்றார் பெரியவர். அவரிடமிருந்து இவ்வளவு மெல்லிய குரலை ஃபோர்மேன் கேட்டதே இல்லை. "கொஞ்சம் பின்னால போ. யாரோட பூட்டு?"

ஃபோர்மேன் சட்டென்று நிமிர்ந்தார். "சாமி... உங்களுக்கு..."

"கேக்குது. புதன்கிழமையிலேருந்து நல்லாக் கேக்குது. காதுக்குப் பின்னால ஒரு மிஷின மாட்டி விட்டிருக்காங்க. நீ விரல்ல சொடக்குப் போடறதுகூடக் கேக்குது."

ஃபோர்மேனின் ஒரு கை தானாகவே கதவுப்பக்கம் போயிற்று.

"போகணும்னா போ. யாருன்னு நான் திரும்பிப் பாக்க மாட்டேன்," என்றார் பெரியவர். "ஆனா ஒண்ணு கேட்டுட்டுப் போ. நாலு வருஷமா எனக்குக் காது கேக்கல. வெளிய சொன்னா ஓரமா உக்கார வச்சிடுவாங்கன்னு பயந்து யாருக்கும் சொல்லல. அது மட்டும் இல்ல, வரிசை நீளமா இருந்துச்சில்ல, அது மனசுக்கு நல்லா இருந்துச்சு. ஜனங்களுக்கு நம்ம மேல அவ்வளவு பிரியம்னு நினைச்சேன். எல்லாருக்கும் தலையாட்டினேன். நேத்து அந்தச் சின்னச் சாமிகிட்டப் போய் முழங்கால் போட்டு அத்தனையும் சொன்னேன். அவருக்கு நல்ல காது. ரொம்ப நேரம் ஆச்சு."

ஃபோர்மேனின் கை கதவிலிருந்து இறங்கியது. எழுபத்தைந்து வயது மனிதர் அந்த இளைஞரின் முன்னால் முழங்காலில் நிற்பதை நினைத்துப் பார்த்தார். அப்புறம் எழுந்து போக மனம் வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை குரலை இறக்கவில்லை. கட்டர், ஒன்றரைச் சுற்று, கால்சட்டைப் பை, அலமாரி, "இல்லை" என்ற ஒற்றைச் சொல், கைதட்டியது, எல்லாம் வந்தது. சொல்லச் சொல்ல, இதுவரை தனக்கே இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொண்டதில்லை என்று அவருக்குப் புரிந்தது.

"அப்போ இத்தனை நாள் நீங்க குடுத்த மன்னிப்பு?" என்று கடைசியில் கேட்டார்.

"நான் கேக்காதது என் குத்தம். கடவுளுக்குக் காது போகல. ஆனா நீ அந்தப் பாவத்த விட்டுடறதுக்கா சொன்னே? ஒரு மனுஷன் காதுலகூட விழுந்துடக் கூடாதுன்னு இறுக்கிப் பிடிச்சிக்கிட்டே சொன்னே. பிடிச்சிக்கிட்டு இருக்கிறத அவர் எப்படி எடுத்துக்குவார்?" பெரியவர் காதை வலையருகே கொண்டுவந்தார். "அந்தப் பையன் எப்படி இருக்கான்?"

"கதவப் பூட்டினா திரும்பத் திரும்ப வந்து இழுத்துப் பாக்கறான் சாமி. அவன நம்பி அவன் பொண்டாட்டி அடுப்பக்கூட விடறதில்ல. மாசாமாசம் கோவிலுக்கு வந்து, கவனக்குறைவால குடும்பத்தக் கெடுத்துட்டேன்னு பாவசங்கீர்த்தனம் பண்றானாம். அவனே எங்கிட்டச் சொன்னான்." ஃபோர்மேன் கம்பி வலையைப் பற்றிக்கொண்டார். "என் பாவத்த அவன் சொல்லிக்கிட்டு இருக்கான் சாமி."

"அவனுக்கு மனசு ஆறுதா?"

"இல்ல சாமி."

"எப்படி ஆறும்? செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டா கடவுள்கிட்ட குடுக்கிறதுக்கு என்ன இருக்கு? நீ செஞ்சத மறைச்சு வச்சதால உனக்கும் ஆறல, செய்யாதத சுமக்கறதால அவனுக்கும் ஆறல. அவனோட நல்ல பேரு உங்கிட்ட இருக்கு. கொண்டுபோய்க் குடுத்துடு."

"வேலை போயிடும் சாமி. எம் பொண்டாட்டி அவனோட கூடப்பிறந்த அக்கா. என் முகத்துல முழிக்க மாட்டா. அவன் மன்னிக்கலன்னா?"

"அது அவன் இஷ்டம். மன்னிக்கச் சொல்லி நான் அவனக் கேக்க முடியாது, நீயும் கேக்காத. அவன் மன்னிச்சாத்தான் கடவுள் மன்னிப்பார்னும் கிடையாது. போவியா?"

வெளியே யாரோ பெஞ்சை நகர்த்தும் ஓசை கேட்டது.

"பயமா இருக்கு," என்றார் ஃபோர்மேன்.

"பயப்படறவனுக்கு மன்னிப்பு இல்லன்னு எங்கயும் எழுதல. போவியா மாட்டியா, அத மட்டும் சொல்லு."

"போறேன்."

பெரியவர் கையை உயர்த்தி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் அவர் பாவங்களை மன்னித்தார். எத்தனையோ முறை கேட்டுச் சலித்த வார்த்தைகள்தான். ஆனால் இந்த முறை இவர் என்ன செய்தார் என்று தெரிந்த ஒருவர் அவற்றைச் சொன்னார். தான் மன்னிக்கப்பட்டுவிட்டோம் என்பது ஃபோர்மேனுக்கு ஒரு சந்தேகமுமில்லாமல் தெரிந்தது. அதனாலேயே இனிமேல் தப்பிக்க வழியில்லை என்பதும் தெரிந்தது.

"பரிகாரம் சாமி?"

"மூணு அருள் நிறைந்த மரியே," என்றார் பெரியவர், பழக்கதோஷத்தில். பிறகு சொன்னார்: "அவன் வீட்டுக்குப் போற வழியில சொல்லு. நேரா போ. உன் வீட்டுக்குப் போயிட்டு அப்புறம் போகலாம்னு நினைக்காத."

மைத்துனனின் வீடு நடந்தால் இருபது நிமிஷம். மூன்று மந்திரமும் முதல் தெருமுனையிலேயே முடிந்துவிட்டது. ஃபோர்மேன் மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டே நடந்தார். இரண்டாவது மாடியில் கதவு திறந்திருந்தது. மைத்துனன் மேசைமேல் துணி விரித்து, திங்கட்கிழமைக்கான வெள்ளைச் சட்டையை ஒற்றைக் கையால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். சட்டை நழுவாமல் இருக்க அதன் ஒரு ஓரத்தில் கனமான அகராதி ஒன்றை வைத்திருந்தான். உள்ளே அவன் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம்.

"வாங்க அத்தான். அக்கா வரலையா? உக்காருங்க."

"உக்காந்தா சொல்ல முடியாது மாப்ள."

நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, காரணம் சொல்லவில்லை, எண்ணெய் சூடேறிக் காத்திருந்ததைக்கூடச் சொல்லவில்லை. "அன்னைக்கு நீ பூட்டியிருந்தே. நான் உள்ள பாக்காம உடைச்சேன். விசாரணையில பொய் சொன்னேன். அலமாரியில இருந்த பூட்டு நான் வச்சது."

மைத்துனன் அசையவில்லை. கை இஸ்திரிப் பெட்டியின் மேலேயே இருந்தது. பெட்டி சட்டையின் மேலேயே இருந்தது. கண்கள் மட்டும் ஃபோர்மேனின் முகத்தில் எதையோ தேடின.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"நீ பூட்டியிருந்தே மாப்ள."

"என் பூட்டா? மஞ்சளா?"

"மஞ்சள்தான். என் கண்ணால பாத்தேன். சுவிட்சுல தொங்கிச்சு."

சட்டையிலிருந்து புகை எழுந்தது. உள்ளேயிருந்து ஈரக்கையோடு மனைவி ஓடி வந்தாள். "என்னங்க இது, கருகுது! பெட்டிய அப்படியேவா வைப்பாங்க? மறந்துட்டீங்களா?" என்று அதைப் பிடுங்கி நிமிர்த்தி வைத்தாள்.

"மறக்கல," என்றான் மைத்துனன். "நான் மறக்கல. அத்தான், இவகிட்டச் சொல்லுங்க. நான் மறந்தேனா?"

"இல்லம்மா," என்றார் ஃபோர்மேன். "இவன் மறக்கல. தொட்டியில இறங்கறதுக்கு முன்னால ஒழுங்காப் பூட்டிட்டுத்தான் இறங்கினான். நான்தான் உடைச்சேன். ஒன்பது வருஷமா இவன் தலையில போட்டுட்டேன்."

அவள் ஒரு நிமிஷம் புரியாமல் நின்றாள். புரிந்ததும் முதலில் பார்த்தது ஃபோர்மேனை அல்ல, புருஷனை. ஒன்பது வருஷத்தில் அவனிடம் எத்தனை முறை "மறந்துட்டீங்களா" என்று கேட்டிருப்பாள் என்பது அவளுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மைத்துனன் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையைக் கவிழ்த்து, ஓவென்று அழுதான். கையை இழந்தபோதுகூட அவன் அப்படி அழுததில்லை. "நான் பூட்டினேன்டி," என்று அழுகைக்கு நடுவில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"போயிடுங்கண்ணே," என்றாள் அவள், ஃபோர்மேனின் முகத்தைப் பார்க்காமல். "தயவு செஞ்சு போயிடுங்க. இந்த வீட்டுப் படி ஏறாதீங்க."

ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அதையும் அவர்கள் தலையில் ஒரு சுமையாக வைப்பதாகிவிடும் என்று விழுங்கினார். ஒரு மாடி இறங்கியிருப்பார். மேலே செருப்பில்லாத காலடிச் சத்தம்.

"அத்தான்."

மைத்துனன் படியின் தலைப்பில் நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"திங்கக்கிழமை புதுசா எட்டுப் பேர் வர்றாங்க," என்றான்.

"தெரியும். நீ வர வேண்டாம். நானே அவங்க முன்னாடி எல்லாத்தையும் சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்டச் சொல்றேன். உங்க அக்காகிட்ட இப்பவே போய்ச் சொல்றேன்."

"நானும் வருவேன்."

"நீ எதுக்கு மாப்ள?"

சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டான்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சிடாதீங்க. அது எனக்கு வருமான்னு தெரியல. உங்கள இப்பப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது," என்றான். "ஆனா அத்தனை பேர் முன்னாடி நின்னு, தப்பு என் மேலதான்னு சொல்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் சொல்லியிருக்கேன். வேற யாருக்கும் தெரியாது. அத தனியா நின்னு சொல்ல முடியாது அத்தான். நான் பக்கத்துல நிக்கறேன்."

ஃபோர்மேன் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கூண்டுக்குள் வராத அழுகை அவருக்கு அங்கே வந்தது.